முத்திரை அசல்; உள்ளே என்ன?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பர் 18 அன்று அரசிதழில் வெளியிட்ட பெர்குளோரோஎத்திலீன் (பெர்க்) விதியை, உலர்சலவைக்காரர்களின் தலைவலி என்று எண்ணி நம் உடை அலங்காரத் தொழிலில் பெரும்பாலோர் கடந்து போய்விட்டார்கள். சலவைக் கடைகளுக்குப் பத்தாண்டு அவகாசம் என்ற ஒரு வரிதான் செய்திகளில் அடிபட்டது. அதே விதி, நுகர்வோர் கைக்குப் போகும் எந்தப் பொருளிலும் பெர்க் இருக்கக் கூடாது என்கிறது. கல் ஒட்டுவதற்கு உலகெங்கும் உடை அலங்காரப் பட்டறைகள் நம்பியிருக்கும் இ6000 பசை, பல்லாண்டுகளாகப் பெர்க்கையே முதன்மைக் கரைப்பானாகக் கொண்டது. இங்கும் இணையக் கடைகள் வழியாக அது வருகிறது. அதன் விலை கட்டுப்படியாகாதவர்கள் அதைப் போலவே வேலை செய்யும் குழாய்களை வாங்குகிறார்கள். ஆகவே இதழ் ஒரு நிலை எடுத்தாக வேண்டும்: விதியை வரவேற்கிறோம். ஆனால் நம் பட்டறைகளுக்கு அதிலுள்ள சேதி ‘பெர்க் வேண்டாம்’ என்பதோடு முடிந்துவிடவில்லை. ஒரு பசையைத் தடுக்க வேண்டுமானால் அதற்குள் இருப்பது என்னவென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அங்கே தெரிந்திருந்தது. இங்கே நாம் வாங்கும் பசைகளில் பெரும்பாலானவற்றில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

எண்களைப் பார்ப்போம். பெர்க்கைத் தொடர்ந்து பயன்படுத்த அனுமதி பெற்ற தொழிற்கூடங்களில் எட்டு மணி நேரச் சராசரி 0.14 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்று புதிய விதி சொல்கிறது. அந்நாட்டின் பழைய தொழிலிட வரம்பு 100 பிபிஎம். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை பெர்க்கை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று கருதத்தக்க பொருள்களில் வைத்திருக்கிறது. அதன் வாடை மூக்கில் ஏறுவதற்கே ஏறத்தாழ 1 பிபிஎம் வேண்டும். வாடை வந்துவிட்டது என்றால் புதிய வரம்பை எப்போதோ தாண்டியாயிற்று. ‘நெடி தாங்கவில்லையென்றால் எழுந்து வெளியே போ’ என்று பட்டறைகளில் சொல்லிவரும் பாதுகாப்பு முறைக்கு இதற்குப் பின் அர்த்தமில்லை. அதைவிட முக்கியமானது நாம் உட்காரும் இடம். பெர்க் ஆவி காற்றைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் கனமானது. டொலுயின், ஹெக்ஸேன் ஆவிகள் சுமார் மூன்று மடங்கு. மூடி திறந்த டின்னிலிருந்து எழும் அடர்ந்த ஆவி மேலே போகாமல் தரையில் படிகிறது. நம் ஆட்கள் தரையில் சம்மணமிட்டு, டின்னை முழங்காலுக்கு அருகில் வைத்து, மடியில் கிடக்கும் கிரீடத்தின் மேல் குனிந்து ஒட்டுகிறார்கள். உத்தரத்தில் சுழலும் மின்விசிறியும் சுவரின் உச்சியில் பொருத்திய எக்ஸாஸ்ட்டும் அந்த முகத்துக்கு முன்னால் இருக்கும் காற்றை உரிய நேரத்தில் அகற்றுவதில்லை. துணி முகக்கவசமும் தூசுக்கான என்95-ம் ஆவியைத் தடுக்கமாட்டா. அதற்குக் கரிமக் கரைப்பான் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி வேண்டும்.

இந்த இடத்தில்தான் ‘அசல் பசை வாங்குங்கள்’ என்ற அறிவுரை வந்து நிற்கிறது. தொழிலில் மூத்தவர்கள் சொல்வது அதுதான், வியாபாரிகள் சொல்வதும் அதுதான். போலிச் சரக்கு பிடிக்காது, பிடித்தாலும் மேடையிலேயே உதிர்ந்துவிடும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அசலை எப்படிச் சோதிக்கிறோம்? ஹாலோகிராம், மூடியின் சீல், அச்சின் தெளிவு, அச்சிட்ட விலை. இவை எல்லாம் வணிக முத்திரையைச் சோதிக்கின்றன. இது இன்ன நிறுவனத்தின் சரக்கு என்பதற்கு மேல் இவற்றால் ஒன்றும் சொல்ல முடியாது. 2011-ஆம் ஆண்டின் பொதியப்பட்ட பொருள்களுக்கான சட்ட எடையளவு விதிகளின்படி பொதியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பொதுப் பெயர், நிகர அளவு, தயாரித்த மாதம், விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை இருந்தாக வேண்டும். உள்ளே இருக்கும் கரைப்பானின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ‘பி-7000’ என்ற எண்ணோடு வரும் குழாய்களைப் பாருங்கள்: ஒரே எண், பல தயாரிப்பாளர்கள், பல கலவைகள். அங்கே எது அசல் என்று கேட்பதற்கே இடமில்லை. ஹார்டுவேர் கடையில் ஐந்து லிட்டர் டின்னிலிருந்து பாட்டிலில் ஊற்றி லூஸில் தரும் சொல்யூஷனுக்கோ லேபிளே கிடையாது. ஆக, அசலுக்குக் கூடுதல் விலை கொடுத்தவரும் போலியை வாங்கி ஏமாந்தவரும் ஒரு விஷயத்தில் சமம். இருவருக்கும் தாங்கள் மூச்சில் இழுப்பது என்னவென்று தெரியாது.

கரைப்பானின் பெயர் தெரிவது உடல்நலத்துக்கு மட்டுமல்ல, வேலைக்கும் அடிப்படை. முதுகில் ஃபாயில் பூசிய கல் ஒட்டிய இரண்டாம் வாரத்தில் மங்கிக் கறுத்தால், கல் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். பூச்சைக் கரைத்தது பசையாகவும் இருக்கலாம். கண்ணாடித் துண்டின் ஓரத்தில் வெள்ளிப் பூச்சு அரிபட்டால், உலரும்போது அசிட்டிக் அமிலம் விடும் சிலிகான்தானா அது என்று பார்க்க வேண்டும். வினிகர் வாடையே அதைக் காட்டிக்கொடுக்கும். தெர்மாகோலில் டொலுயின் பட்டால் குழி விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். பருத்தித் துணியில் சயனோஅக்ரிலேட் தாராளமாக ஊற்றினால் சில நொடிகளில் சூடேறிப் புகையும், கீழே தோல் இருந்தால் வெந்துபோகும் என்பது அந்த அளவுக்குத் தெரியாது. பிவிஏ வியர்வையில் இளகும். ஹாட் கன் பசை, வெயிலில் நின்ற வேனின் டிக்கியில் கிடந்த தோள்பட்டையைக் கழற்றிவிடும். ஒட்டுகிற இரண்டு பரப்பும் எவையென்று தெரிந்தால் மட்டும் பசையைத் தேர்ந்துவிட முடியாது; பசையில் உள்ளதும் தெரிய வேண்டும். அதை மறைத்துவைத்துவிட்டு ‘மல்டிபர்ப்பஸ்’ என்று மட்டும் அச்சிடுவது, தேர்வு என்ற தொழில் அறிவையே நம் கையிலிருந்து பிடுங்குவதாகும்.

பெயர் தெரியாமல் மாற்றுப் பொருளுக்குத் தாவினால் என்ன ஆகும் என்பதற்குக் காலணித் தொழிலின் வரலாறு போதும். பசை விஷயத்தில் அது நமக்கு அண்ணன் தொழில். இஸ்தான்புல்லில் பென்சீன் கலந்த பசையோடு வேலை செய்த செருப்புத் தொழிலாளர்களில் 26 பேருக்கு ரத்தப் புற்றோ அதன் முன்நிலையோ வந்ததை முசாஃபர் அக்சாயும் அவரது குழுவினரும் 1974-இல் வெளியிட்டார்கள். இத்தாலி அதற்கு முன்பே, 1963-இல், பசைகளில் பென்சீனைக் கட்டுப்படுத்தியிருந்தது. பசைக்காரர்கள் ஹெக்ஸேனுக்கு மாறினார்கள். ரத்த நோய்க்குப் பதில் கைகால் நரம்புகள் செயலிழக்கும் நோய் அங்குள்ள செருப்புத் தொழிலாளர்களிடம் பெருகியது. ஜப்பானில் 1960-களில் செருப்பு ஒட்டியவர்களில் 93 பேருக்கு அதே ஹெக்ஸேன் நரம்புநோய் பதிவாயிற்று. காற்றோட்டமில்லாத சிறு அறைகளில், வீட்டுத் தொழிலாக அந்த வேலை நடந்தது. நம் பட்டறைகளின் அமைப்பும் ஏறக்குறைய அதுவே. ஒன்றை விலக்கும்போது அடுத்து வருவதன் பெயரையும் கேட்டு வாங்காவிட்டால், நோய் மட்டும் இடம் மாறும். பெர்க் போனதும் ‘பெர்க் இல்லாதது’ என்று பெரிய எழுத்தில் போட்ட குழாய்கள் வரும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, பெர்க் இல்லையென்றால் வேறென்ன இருக்கிறது என்பதே.

எதிர்வாதங்கள் உண்டு. முதலாவது, அமெரிக்காவிலேயே ஆட்சி மாறிய பின் 2025-இல் இந்த விதியை மறுபரிசீலனைக்கு எடுத்துக் கருத்துக் கேட்டிருக்கிறார்களே, நாம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும் என்பது. வரம்பின் எண் கூடலாம், குறையலாம். கால அவகாசம் நீளலாம். ஆவியின் கனமும் நம் ஆட்கள் உட்காரும் உயரமும் ஆட்சியோடு மாறுவதில்லை. இரண்டாவது வாதம் கனமானது: தண்ணீர் அடிப்படையிலான பசை பிடிக்காது. இதில் உண்மை உண்டு. ரெக்சினையோ ஈவிஏ ஃபோமையோ வளைத்து ஒட்டும் இடத்தில் கரைப்பான் சார்ந்த நியோப்ரீன் சொல்யூஷன் தரும் உடனடிப் பிடிப்பை அது தருவதில்லை. உலரவும் அதிக நேரம் கேட்கிறது. போதாததற்கு நம் ஆர்டர்கள் குவிவது நவராத்திரியில் தொடங்கி மார்கழி வரை, அதாவது வடகிழக்குப் பருவமழையின் நடுவில். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது தண்ணீர்ப் பசை சொன்ன நேரத்துக்கு உலராது. சாரலுக்கு ஜன்னலைச் சாத்திவிடுவதால் கரைப்பான் ஆவியும் அந்த மாதங்களில்தான் அறைக்குள் அதிகம் தேங்குகிறது. ஆகவே முழுவதும் தண்ணீர்ப் பசைக்கு மாறுங்கள் என்று இந்த இதழ் சொல்லாது. தட்டையான பரப்பு, அஸ்தர், பொட்டுக் கல், சம்கி வேலைகளைத் தண்ணீர்ப் பசைக்கோ சிலேன் வகைப் பசைக்கோ மாற்றலாம். பாரம் தாங்கும் கல்லுக்குத் தையலோ நகத்தட்டோ போடலாம். வளைவுக்கும் விளிம்புக்கும் மட்டும் சொல்யூஷனை வைத்துக்கொண்டு, அதையும் மேசைமேல், தரைமட்டத்தில் காற்றை வெளியேற்றும் விசிறிக்கு முன்னால் செய்யலாம். இரு பரப்பிலும் மெல்லியதாகத் தடவிக் கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருப்பவருக்குப் பசையும் பாதிதான் செலவாகும்.

மூன்றாவது வாதம் தயாரிப்பாளர்களுடையது: கலவை தொழில் ரகசியம். ரெசினின் சூத்திரத்தை யாரும் கேட்கவில்லை. ஆபத்தான கரைப்பான் எது, எத்தனையிலிருந்து எத்தனை சதவீதம்வரை என்பதுதான் கேள்வி. ஏற்றுமதி என்றால் இதே விவரத்தைப் பாதுகாப்புத் தரவுத் தாளில் எழுதித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2007 ஜூன் முதல், 0.1 சதவீதமோ அதற்கு மேலோ டொலுயின் உள்ள பசையைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை விதித்துள்ளது. சைக்ளோஹெக்ஸேன் கலந்த நியோப்ரீன் பசையை 350 கிராமுக்கு மேற்பட்ட பொதியில் பொதுமக்களுக்கு விற்க முடியாது. சிறு பொதியிலும் காற்றோட்டம் குறைந்த இடத்தில் பயன்படுத்தாதே, தரைவிரிப்பு ஒட்டப் பயன்படுத்தாதே என்று அச்சிட வேண்டும். தரையில் குனிந்து ஒட்டுகிறவரின் மூக்கை நினைத்து அங்கே சட்டம் ஒரு வரி எழுதியிருக்கிறது.

இங்கே அந்த மூக்கு யார் கணக்கில் வருகிறது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்சக்தியோடு பத்துப் பேர், இல்லாமல் இருபது பேர் என்று கோடு போட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு ‘தொழிற்சாலை’ என்பதற்கான அந்தக் கோட்டை இருபது, நாற்பது என்று உயர்த்தியது. நான்கு பேர் உட்கார்ந்து ஒட்டும் பட்டறை முன்பும் வெளியே இருந்தது, இப்போது இன்னும் தொலைவில் இருக்கிறது. ஆபத்தான வேலை என்று அரசு அறிவித்தால் ஒரே ஒரு தொழிலாளி இருக்கும் இடத்துக்கும் அந்தத் தொகுப்பைப் பொருத்தலாம். அந்த அறிவிப்பில் உடை அலங்கார வேலையைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1989-ஆம் ஆண்டின் அபாய இரசாயன விதிகளிலேயே கலனில் உள்ளடக்கத்தை எழுத வேண்டும் என்று இருக்கிறது. அது ஆலைக்கும் கிடங்குக்கும் என்று நின்றுவிட்டது, பெட்டிக்கடைக் குழாய்வரை இறங்கி வரவேயில்லை. இரசாயன மேலாண்மைக்குப் புதிய விதிகள் என்று 2020-இல் ஒரு வரைவு சுற்றுக்கு வந்தது. அதையும் நம்பிக் காத்திருந்தோம். பொட்டலத்தில் பத்து கிராம் குறைந்தால் எடையளவு அதிகாரி வழக்குப் போடுகிறார். முத்திரையைத் திருடினால் நிறுவனம் காவல் துறையோடு வந்து கடையைச் சோதிக்கிறது. வாங்கியவரின் பணமும் விற்றவரின் பெயரும் காக்கப்படுகின்றன. ஒட்டுகிறவரின் நுரையீரலுக்கு மட்டும் துறை இல்லை. கலைக்கு விருது வழங்கும் மேடையில் மின்னும் ஒவ்வொரு கல்லும் இப்படி ஒட்டப்பட்டதுதான் என்பது விருது வழங்குகிறவர்களுக்குத் தெரியாதா என்ன?

அதிகாரிகளிடம் கேட்பது பெரிதல்ல. எடையளவு விதிகளின் லேபிள் பட்டியலில் ஒரே ஒரு வரியைச் சேருங்கள்: பசைகளுக்கும் தின்னருக்கும் முதன்மைக் கரைப்பானின் பெயர். லூஸ் விற்பனைக்கும் அது பொருந்தட்டும். ஆய்வுக்கூடம் கட்ட வேண்டாம், புதிய வாரியம் வேண்டாம். அதுவரை வாங்குகிறவர்கள்தான் கேட்க வேண்டும். டஜன் கணக்கில் வாங்கும் வாடகை உடைக் கடைகளும் நாட்டியப் பள்ளிகளும் படக்கம்பெனி உடைப் பிரிவுகளும் பாதுகாப்புத் தரவுத் தாள் இல்லாமல் பில் போட மறுத்தால், மொத்த வியாபாரி அதைத் தயாரிப்பாளரிடம் கேட்டே தீருவார். இதழும் தன் பங்கைச் செய்கிறது. அடுத்த இதழ் முதல், கரைப்பானின் பெயரை வெளிப்படையாகச் சொல்லாத எந்தப் பசையையும், அது எவ்வளவு பெரிய முத்திரையாக இருந்தாலும், நம் செய்முறைப் பக்கங்கள் பரிந்துரைக்காது. அதன் விளம்பரத்தையும் ஏற்காது. இதனால் வருவாய் குறையும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறோம்.