சீசர் அப்படிப் பிறக்கவில்லை

ஜூலியஸ் சீசர் தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்ட பிள்ளை என்பது பொய். அவர் அப்படிப் பிறந்ததால்தான் அந்த அறுவைக்குச் ‘சிசேரியன்’ என்று பெயர் வந்தது என்பதும் பொய். பள்ளிக்கூடத்து வினாடி வினாவில் தொடங்கி வாட்ஸ்அப் வரை, படித்தவர் படிக்காதவர் எல்லோரும் நம்பும் இந்தக் கதையை இனிமேல் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

இதில் எனக்குச் சொந்த வழக்கு ஒன்று உண்டு. நான் அந்தமானில் லாங் ஐலண்டைச் சேர்ந்தவன். நான் பிறக்கிற சமயம் அம்மாவுக்கு ஒரு ராத்திரி முழுக்க வலி. பிள்ளை இறங்கவில்லை. விடிந்ததும் அவளை டுங்கி என்ற சின்னப் படகில் படுக்கவைத்துக் கடல் தாண்டி, பிறகு கப்பல் பிடித்து, போர்ட் பிளேர் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே வயிற்றைத் திறந்து என்னை எடுத்தார்கள். நான் வளர்ந்த பிறகு, வீட்டுக்கு யார் வந்தாலும் என் தாய்மாமன் பெருமையாகச் சொல்வார்: “எம் மருமவன் ராஜா மாதிரிப் பொறந்தவன். சீசரும் இப்படித்தான் பொறந்தான், தெரியுமில்ல?” வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அம்மா அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருப்பாள். கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிய உடம்போடு, ஊருக்குத் திரும்பிய இரண்டாம் வாரமே தண்ணீர்க் குடம் தூக்கியவள் அவள். மாமா சொல்லும் கதையில் அவள் வரவே மாட்டாள். அந்தக் கதை எத்தனை பெரிய அநியாயம் என்று புரிய எனக்குப் பல வருஷங்கள் ஆயின.

ரோம் நம் பேச்சில் நாம் நினைப்பதைவிட ஆழமாக ஊறியிருக்கிறது. ஜூலையும் ஆகஸ்ட்டும் ரோமானியர் பெயர்கள். கட்சி மாறியவரைப் பார்த்து ‘நீயுமா புரூட்டஸ்’ என்று மேடையில் முழங்குகிறார்கள். ஊர் எரியும்போது ஆட்சியாளர் சும்மா இருந்தால் நீரோவின் பிடில் வந்துவிடுகிறது. ரோம் எரிந்தது கி.பி. 64-ல். பிடில் பிறந்தது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. சீசர் என்று நாய்க்கும் பெயர் வைக்கிறோம், பிள்ளைக்கும் வைக்கிறோம். பழைய தமிழ் வேதாகமம் மட்டும் சீசர் என்று எழுதாமல் ‘இராயன்’ என்று அழகாக மொழிபெயர்த்துக்கொண்டது. இவற்றில் பிழைகள் இருந்தாலும் யாருக்கும் பெரிய சேதமில்லை. சிசேரியன் கதை அப்படிப்பட்டதில்லை. அது பெண்ணின் அடிவயிற்றில் எழுதப்பட்ட பெயர்.

சான்றுக்கு வருகிறேன். ஊழல் புகார் வரும்போதெல்லாம் நம் தலையங்கங்களில் தலைகாட்டும் தொடர் ஒன்று உண்டு: சீசரின் மனைவி சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவளாக இருக்க வேண்டும் என்பது. அது எங்கே பிறந்தது? கி.மு. 62-ல் சீசர் வீட்டில் பெண்கள் மட்டும் கூடும், போனா தேயா என்ற தெய்வத்தின் வழிபாடு நடந்தது. குளோடியஸ் என்பவன் பெண் வேடமிட்டு உள்ளே புகுந்தான். சங்கதி வெளியானதும் வழிபாட்டை நிறுத்தி, கதவுகளை அடைக்கச் சொல்லி, விளக்கோடு அறை அறையாகத் தேடி அவனைப் பிடித்தவர் யார் என்று பழங்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். சீசரின் தாய் அவுரேலியா! அந்தக் குழப்பத்துக்குப் பிறகு சீசர் மனைவியை விலக்கினார். அதற்குச் சொன்ன காரணம்தான் நாம் இன்றும் எடுத்தாளும் அந்தத் தொடர். சீசர் பிறந்தது கி.மு. 100. அதாவது மகனுக்கு 38 வயதானபோது தாய் திடமாக வீட்டை ஆண்டுகொண்டிருக்கிறார். அவர் இறந்தது கி.மு. 54-ல், மகன் கால் (Gaul) நாட்டில் போரில் இருந்த காலத்தில். அன்றைய ரோமில் வயிற்றைக் கிழித்த பெண் பிழைத்தாள் என்பதற்கு ஒரு சான்றும் கிடையாது. ‘சீசரின் மனைவி’யை மேற்கோள் காட்டத் தெரிந்தவர்களுக்கு அதே சம்பவத்தில் நிற்கும் சீசரின் தாய் கண்ணில் படாமல் போனது எப்படி?

“ரோமானிய எழுத்தாளர் பிளினியே எழுதியிருக்கிறாரே” என்று படித்தவர்கள் வாதிடுவார்கள். ஆமாம், எழுதியிருக்கிறார். தாயின் வயிற்றை வெட்டி எடுத்ததால் ‘முதல் சீசர்’ அந்தப் பெயரைப் பெற்றார் என்கிறார். அவர் சொல்வது குலத்தில் அந்தப் பெயரை முதலில் சுமந்த யாரோ ஒரு முன்னோரை. ஜூலியஸ் சீசரின் அப்பா பெயரும் சீசர்தான். கி.மு. 208-ல், நம் சீசர் பிறக்க 100 ஆண்டுகளுக்கு மேல் இருக்கும்போதே, செக்ஸ்டஸ் ஜூலியஸ் சீசர் என்பவர் ரோமில் பிரீட்டர் என்ற உயர்பதவி வகித்திருக்கிறார். அந்த முன்னோர் பற்றிய கதையாவது உறுதியா என்றால் அதுவும் இல்லை. அடர்ந்த முடியோடு பிறந்ததால், சாம்பல் நிறக் கண்ணால், யானையைக் கொன்றதால் என்று ஆளுக்கொரு காரணம் அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். லத்தீனில் வெட்டுவதைக் குறிக்கும் வினைச்சொல் ஒன்று ‘சீசர்’ என்ற ஒலிக்கு மிக நெருக்கம். அந்த ஒலிதான் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இடைக்காலத்து ஐரோப்பியர் ஜூலியஸ் சீசர் அப்படிப் பிறப்பதைப் படமாகவே தீட்டினார்கள். 1581-ல் பிரான்சுவா ரூசே என்ற பிரெஞ்சு மருத்துவர் தம் நூலின் தலைப்பிலேயே ‘சீசர் வழிப் பிரசவம்’ என்ற பொருளில் எழுதினார். அதன்பின் அந்தப் பெயர் மருத்துவத்தை விட்டுப் போகவே இல்லை.

ரோமானியர்கள் உண்மையில் செய்தது வேறு. நூமா அரசனின் பெயரால் வழங்கிய பழஞ்சட்டம் ஒன்று, கர்ப்பிணி இறந்துபோனால் வயிற்றிலிருக்கும் பிள்ளையை வெட்டி எடுக்காமல் அவளைப் புதைக்கக் கூடாது என்றது. கி.பி. 533-ல் ஜஸ்டினியன் தொகுத்த சட்டத் திரட்டிலும் அந்த விதி இருக்கிறது. தாய் இறந்த பிறகே கத்தி வந்தது. சுஸ்ருதரின் நூலிலும் அதேதான்: தாய் இறந்து, வயிறு துடித்துக்கொண்டிருந்தால் திறந்து பிள்ளையை எடு என்கிறது.

நம் கதைகளும் இதற்கு விலக்கில்லை. விஷம் கலந்த உணவைத் தெரியாமல் உண்டு சரிந்த, சந்திரகுப்த மௌரியரின் மனைவி துர்தராவின் வயிற்றைச் சாணக்கியர் கிழித்துப் பிந்துசாரனை எடுத்தார் என்று சமண நூல்கள் சொல்கின்றன. பிள்ளையின் தலையில் பட்ட விஷத் துளி அவனுக்குப் பெயராயிற்று. பெரியபுராணத்துக் கோச்செங்கட்சோழர் கதை என்னை இன்னும் அதிகமாக உலுக்கும். ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆள்வான் என்று சோதிடர்கள் சொல்ல, வலியெடுத்த கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் சொன்னாள். பிள்ளை சிவந்த கண்களோடு பிறந்தது. அந்தக் கண்ணே பெயரானது. ஆசையாக ஒருமுறை பார்த்து அழைத்துவிட்டு அவள் இறந்தாள். ரோமிலும் பாடலிபுத்திரத்திலும் சோழநாட்டிலும் கதையின் அச்சு ஒன்றுதான். பிள்ளை அரசனாகிறான், பேர் பெறுகிறான். தாய் முதல் காட்சியிலேயே முடிந்துபோகிறாள்.

என் கோபத்தின் மையம் இதுதான். வயிற்றைக் கிழிப்பது எந்தக் காலத்திலும் சாதனையாக இருந்ததில்லை. கத்தி வைத்திருக்கும் எவனாலும் கிழிக்க முடியும். கிழித்த பிறகு அவளை எழுந்து நடக்க வைப்பதுதான் சாதனை. சீசர் இறந்து ஏறக்குறைய 1900 ஆண்டுகள் மனித குலம் அதற்காகக் காத்திருந்தது. 1826-ல் கேப்டவுனில் ஜேம்ஸ் பாரி என்ற ராணுவ மருத்துவர் ஒரு தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் காப்பாற்றினார். அது அரிதினும் அரிது. 1876 மே மாதம் இத்தாலியில் பாவியா நகரில் எதுவார்தோ போரோ, ஜூலியா கவல்லினி என்ற பெண்ணுக்கு அறுவை செய்தார். இடுப்பெலும்பு சுருங்கிய பெண் அவள். ரத்தப்போக்கை நிறுத்தக் கருப்பையையே எடுத்துவிட்டார். கொடுமையான விலைதான், ஆனால் அவள் பிழைத்தாள். மாக்ஸ் சேங்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1882-ல் எழுதினார்: கருப்பையைத் தனியாகத் தையுங்கள், பிறகு வயிற்றை மூடுங்கள். அதுவரை பெரும்பாலும் கருப்பையைத் தைக்காமலே விட்டுக்கொண்டிருந்தார்கள்! அந்த நூலும் ஊசியும்தான் என் அம்மாவைக் காப்பாற்றியவை. அவற்றோடு சுத்தமும், ரத்தம் ஏற்றுதலும், நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்துகளும்தான்.

சேங்கர் எழுதுவதற்கும் முன்னே, 1879-ல், இன்றைய உகாண்டாவில் கஹுரா என்ற ஊரில் ஒரு நாட்டு மருத்துவர் செய்ததை ராபர்ட் ஃபெல்கின் என்ற ஆங்கிலேயப் பயணி நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். வாழைப்பழ மதுவைக் கொடுத்துத் தாயை மயக்கினார்கள். அதே மதுவால் கையையும் வயிற்றையும் கழுவினார்கள். பிள்ளையை எடுத்த பிறகு இரும்பு ஊசிகளைக் கோத்து, மரப்பட்டை நார் சுற்றி வயிற்றை மூடினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தக் கைத்தேர்ச்சி ஒரே நாளில் வந்திருக்க முடியாது. தலைமுறைகளாகப் பழகி வந்திருக்க வேண்டும். அந்த மருத்துவரின் பெயர் எந்த அறுவைக்கும் சூட்டப்படவில்லை.

பெயர்க்கதைதானே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். சீசர் காலத்திலேயே நடந்தது என்று நம்புகிறவர் அதை எளிய சங்கதியாக எண்ணிவிடுகிறார். ‘அப்பவே செஞ்சிருக்கான், இப்ப என்ன பயம்’ என்ற பேச்சு என் காதில் விழுந்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவையால் நடக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் அது 64-ஐ நெருங்குகிறது. அரசு மருத்துவமனைகளில் 36. ஒரு மக்கள்தொகையில் அறுவைப் பிரசவம் 10 விழுக்காட்டைத் தாண்டிய பிறகு, அது கூடக்கூட உயிரிழப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் அறிவித்தது. நாள் நட்சத்திரம் பார்த்துக் கத்தி வைக்கச் சொல்கிற குடும்பங்களும் இந்தக் கணக்கில் உண்டு. நாள் நிறையுமுன் எடுத்த பிள்ளை மூச்சுக்குத் திணறும் என்று தெரிந்தும் கேட்கிறார்கள். கமலவதியைக் கட்டித் தொங்கவிட்ட கயிறு இன்னும் அறுந்தபாடில்லை.

இதனால் அறுவை செய்துகொண்ட பெண்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘சுகப்பிரசவமா, ஆபரேஷனா’ என்று கேட்டு, ஆபரேஷன் என்றால் உதட்டைப் பிதுக்கும் உறவினர்களை நான் நன்றாக அறிவேன். வயிற்றில் ஏழு அடுக்கு அறுபட்டு, மூன்றாம் நாள் சுவரைப் பிடித்து நடந்தவளைப் பார்த்து வலிக்குப் பயந்தவள் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. மகனுக்கு ராஜா பட்டமும் தாய்க்குச் சோம்பேறிப் பட்டமும் கொடுக்கும் அதே வாய்தான் சீசர் கதையையும் சொல்கிறது.

என் ஊரிலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அந்த அறுவைக்கு அரங்கு வேண்டும், மயக்க மருத்துவர் வேண்டும், பொருந்தும் ரத்தம் வேண்டும். இவை இருக்கும் இடத்துக்கு லாங் ஐலண்டிலிருந்து கடல்வழியாகத்தான் போக வேண்டும். ரங்கத் பக்கம் போனாலும் படகு, தலைநகரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போவதானாலும் கடலைக் கடந்தாக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் படகு நின்றுவிடும். ஒருமுறை வயிறு திறந்தவளுக்கு அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பிலேயே வேர்விட்டுப் பிடிக்கும் ஆபத்து உண்டு. அவள் வலி வரட்டும் என்று வீட்டில் காத்திருக்க முடியாது. மாதக் கடைசியில், மூத்த பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு, தீவை விட்டுக் கிளம்ப வேண்டும். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையில், காவிரி வெள்ளம் தாயைத் தடுத்ததால் இறைவனே தாயாக வந்து மகளுக்குப் பேறு பார்த்தார். எங்களுக்கு நடுவே கிடப்பது கடல். அதைத் தாண்டி வரவேண்டியது படகும் மருத்துவரும். தேவையில்லாத இடத்தில் குவிந்து கிடக்கிற கத்தி, தேவைப்படும் இடத்துக்கு வந்து சேர மாட்டேன் என்கிறது.

இங்கே பெயர்கள் மாறுவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். 2018-ல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாயிற்று. 2024-ல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரமாயிற்று. ஒரு பெயரை மாற்றுவது அரசுக்கு ஒரு நாள் வேலை. சிசேரியன் என்ற சொல்லை அப்படி மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அது மக்கள் வாயில் ஊறிவிட்டது, இருக்கட்டும். கதையை மட்டும் விடுங்கள். பொது அறிவுப் புத்தகம் போடுகிறவர்கள் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஆசிரியர்கள், பிள்ளை கேட்டால், மகன் நடுவயதைத் தொடும்வரை உயிரோடிருந்த அவுரேலியாவைச் சொல்லுங்கள். பாவியாவில் பிழைத்து எழுந்த ஜூலியா கவல்லினியைச் சொல்லுங்கள். தைத்த கைகளைச் சொல்லுங்கள்.

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு இப்போது 71 வயது. தொப்புளுக்குக் கீழே நேராக இறங்கும் அந்தத் தழும்பு மழைக்காலத்தில் இன்னும் இழுக்கிறது என்கிறாள்.