செம்புள்ளியும் மருந்துப் புட்டியும்

தில்லி நகரத்து வீடுகளில் திண்ணையோரத்திலும் மாடி முகப்பிலும் தொட்டிகளில் வளர்க்கப்படும் குமிழ்ச் செடிகளுள் அமரில்லிஸ் பலரும் விரும்பும் ஒன்று. தாவர நூலார் இதனை ஹிப்பியாஸ்ட்ரம் என்பர். தோட்டக்காரர் லில்லி என்று சொல்லிவிடுவர். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, கோடையின் தொடக்கத்தில் வெங்காயம் போன்ற குமிழினின்று தண்டொன்றை எழுப்பி, அதன் நுனியில் பெரிய பூக்களை விரிக்கின்றது. பூ வாடிய பின் இலைகள் தழைக்கின்றன. ஜூன் இறுதியில் மழை தொடங்கிச் சில வாரங்கள் சென்றதும் அவ்விலைகளில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. வீட்டுக்காரர் இலையொன்றைக் கிள்ளி எடுத்துக்கொண்டு நம் களப்பணியாளரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ வருகிறார். நாமும் இலையை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். இவ்வழக்கம் கைவிடத்தக்கது என்பது என் கருத்து.

செம்புள்ளி நோய் என்ற ஒன்று உண்டு என்பதில் ஐயமில்லை. ஸ்டாகனோஸ்போரா கர்ட்டிசி என்று நூல்களில் நெடுங்காலம் வழங்கிவந்த பூசணம் அதனை உண்டாக்குகிறது. இன்று அறிஞர் அதனை வேறு பேரினத்தில் சேர்த்துள்ளனர். இலை, பூந்தண்டு, குமிழின் செதில் ஆகிய மூன்றையும் அது தாக்கும். புள்ளி முதலிற் சிறிதாகத் தோன்றி, நீண்டு, நடுவில் குழிந்து காய்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் புண் மிகுந்தால் இலையும் தண்டும் அப்பக்கமாகவே வளைந்துவிடும். நார்சிஸஸ் செடியின் இலைக் கருகலுக்கும் இப்பூசணமே காரணம். நம் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் காணப்படும் விஷமூங்கிலின் இனமாகிய கிரைனமும் இதற்கு இரையாவதுண்டு.

ஆனால் சிவப்பு நிறமெல்லாம் பூசணத்தின் வேலையன்று. ஹிப்பியாஸ்ட்ரம் குமிழின் செதில் காயம்பட்டால், செந்நிறப் பொருள்களைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அப்பொருள்களுக்குப் பூசணத்தைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்பதும் ஆய்விற் கண்டதே. அஃதாவது, நாம் நோய் என்று அஞ்சும் நிறம் பல வேளைகளில் செடியின் தற்காப்பேயாகும். கத்தி பட்டாலும் சிவக்கும். தொட்டியின் விளிம்பில் உராய்ந்தாலும் சிவக்கும். குமிழின் செதில்களுக்கிடையே ஒளிந்து வாழும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணி சாற்றை உறிஞ்சினாலும் சிவக்கும். உண்ணிக்குப் பூசண மருந்து தெளிப்பதும் வயிற்றுவலிக்குக் கண் மருந்து இடுவதும் ஒன்றே.

வேறுபாட்டைக் காண ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டியதில்லை. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். வாயகன்ற கண்ணாடிப் புட்டி இரண்டில் நனைத்த மையொற்றுத் தாளை இடுக. ஒன்றில் முற்றிய புள்ளியுள்ள இலைத்துண்டையும், மற்றதில் நலமான குமிழினின்று உரித்து வெட்டிய செதிலையும் வைத்து மூடிவிடுக. சில நாட்களில், நலமான செதிலின் வெட்டுவாய் தானே சிவந்திருக்கக் காணலாம். நோயுற்ற இலையின் புண்ணிலோ, கைலென்ஸ் கொண்டு நோக்கினால், ஊசிமுனையளவு கரும்புள்ளிகள் தென்படும். அவை பூசணத்தின் வித்துப்பைகள். இளம் புள்ளியில் இவை தோன்றாமலிருக்கலாம். ஆகவே முற்றிய புண்ணையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். குமிழில் லைக்கோரின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், மாணவர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவது கட்டாயம். குமிழை அடுக்களையில் வெங்காயக் கூடைக்கு அருகே வைக்கும் வீடுகளும் உண்டு. அதனையும் கண்டித்துச் சொல்லவேண்டும்.

மருந்தெழுதும் அவசரத்தை நான் குறை கூறுவதற்கு மற்றொரு காரணமும் இருக்கிறது. குமிழ்களைப் பாதரசச் சேர்மக் கரைசலில் முக்கி நடுமாறு ஒரு தலைமுறைக் காலம் நூல்கள் கூறிவந்தன. அவ்வினத்தைச் சேர்ந்த மெதாக்சி எத்தில் மெர்க்குரி குளோரைடும், பின்னர்ப் பெயர் பெற்ற பெனோமிலும் 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசின் ஆணையால் தடைசெய்யப்பட்டன. பழைய துண்டுப்பிரசுரங்களோ இன்னும் பல அலுவலக அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதிக் கொடுப்பவர், குழந்தைகள் உறங்கும் அறையின் சன்னலருகே உள்ள தொட்டிக்கு எழுதிக் கொடுக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

வெந்நீர் முறையைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர். முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தில் ராம்ஸ்பாட்டம் என்பவர் நார்சிஸஸ் குமிழ்களிலுள்ள நூற்புழுவை ஒழிக்க வகுத்த முறை அது. நீரைச் சுமார் 43 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் மாறாது வைத்திருத்தல் வேண்டும். வீட்டு அடுப்பின்மேல் இதனைச் செய்ய முற்பட்டால் குமிழ் வெந்துபோவதே பலன்.

உண்மையில் நோயைப் பரப்புவது தண்ணீர். வித்துகள் நீர்த்துளி தெறித்து இலையிலிருந்து இலைக்குத் தாவுகின்றன. ஈரம் தங்கிய இலையில் முளைக்கின்றன. மாடித்தொட்டிகளை நெருக்கமாக அடுக்கி, பூவாளியால் தலையோடு நீராட்டும் பழக்கம் நம்மவரிடம் மிகுதி. நானும் ஓராண்டு மழைக்காலத்தில் அவ்வாறே செய்து, நான்கு தொட்டிகளில் மூன்றை இழந்தேன். எஞ்சிய ஒன்று வெயில் படும் படிக்கட்டின்மேல் தனியே இருந்தது. அதற்கு நீர் ஊற்ற மறந்ததுதான் நான் செய்த சிகிச்சை.

நோய் உறுதியானபின் செய்யவேண்டுவன கடினமல்ல. செடியைப் பிறவற்றினின்று விலக்கி வைத்துப் புண்பட்ட இலைகளை அடியோடு வெட்டுக. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சாராயத்தில் தோய்த்தெடுப்பது நலம். எரித்துவிடுமாறு பழைய நூல்கள் கூறும். தில்லியில் இலைகளைத் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை இருப்பதால் ஆழப் புதைப்பதே தக்கது. எருக்குழியில் இடலாகாது. குமிழும் தாக்குண்டிருப்பின், அதனைத் தோண்டியெடுத்து, சிவந்து மெலிந்த புறச்செதில்களை நீக்கி, நிழலிற் சில நாள் உலர்த்தி, மணல் கலந்த புதுமண்ணில் நடுக. குமிழின் கழுத்தும் மேற்பகுதியும் மண்ணுக்கு வெளியே இருக்கவேண்டும். தண்ணீரைத் தொட்டியின் ஓரத்தில் காலையில் மட்டும் ஊற்றுக. அடிப்பகுதி மென்மையாகி நாறும் குமிழைக் காப்பாற்ற முயல்வது வீண்.

இவ்வளவும் செய்தபின் மழை நீடித்துப் புதிய இலைகளிலும் புள்ளி வருமாயின், லிட்டருக்கு 3 கிராம் தாமிர ஆக்சிகுளோரைடு கலந்து தெளிக்கலாம். அதுவும் தொட்டியை அறைக்கு வெளியே கொண்டுசென்றபின். இம்மருந்து வித்து முளைப்பதைத் தடுக்குமேயன்றி ஏற்கெனவே உட்புகுந்த பூசணத்தை அழிக்காது என்பதைக் கேட்பவரிடம் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். சொல்லாவிடின், பழைய புள்ளி மறையவில்லையே என்று அவர் இருமடங்கு மருந்தோடு மீண்டும் தொடங்குவார்.

நவம்பர் முதல் சனவரி வரை குமிழ் உறங்கும் காலம். அப்போது நீரை நிறுத்தி, தொட்டியைக் கூரைக்கடியில் ஒதுக்கி வைத்தால், பிப்ரவரியில் குமிழைச் சோதித்து மண் மாற்றுவது எளிது. அடுத்த மழைக்கான வேலை அம்மாதத்திலேயே தொடங்குகிறது. செம்புள்ளி இலையோடு ஒருவர் நம்மிடம் வரும் ஆகஸ்டில் அன்று.