கோழிக்கு மூச்சுத்திணறலா? எந்த வைரஸ் என்று முதலில் கண்டறியுங்கள்

கேரளாவின் ஆலப்புழை மாவட்டத்தில் 2024 ஏப்ரலில் வாத்துகள் கூட்டமாக இறந்தன. போபால் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிய பிறகே எச்5என்1 பறவைக் காய்ச்சல் என்பது உறுதியானது. தமிழக எல்லையில் வாகனச் சோதனையும் தொடங்கியது.

உங்கள் கோழிக்குக் 'கொர் கொர்' சத்தம், தும்மல், மூக்கு ஒழுகல் இருந்தால் உடனே வெள்ளைக்கழிச்சல் என்று முடிவு செய்யாதீர்கள். வெள்ளைக்கழிச்சல், ஐ.பி. எனும் மூச்சுக்குழாய் நோய், பறவைக் காய்ச்சல் மூன்றிலுமே இந்த அறிகுறிகள் வரலாம். மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு வைரஸ்கள். தொண்டை, எச்சத்துவார மாதிரிகளைப் பிசிஆர் முறையில் சோதித்தால்தான் எது என்று தெரியும்.

இது ஏன் முக்கியம்? வெள்ளைக்கழிச்சலைத் தடுப்பூசியால் தடுக்கலாம். பறவைக் காய்ச்சலோ மனிதருக்கும் தொற்றக்கூடியது. உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழிகள் அழிக்கப்படும். அப்படி அழிக்கப்படும் கோழிகளுக்கு அரசு இழப்பீடு உண்டு என்பதால் நோயை மறைக்க வேண்டாம்.

கோழிகள் திடீரென இறந்தால்:

- வெறுங்கையால் தொடாதீர்கள்.
- நோயுற்றதை அறுக்கவோ விற்கவோ வேண்டாம்.
- செத்ததை வாய்க்காலில் வீசாதீர்கள்.
- மீதமுள்ள கோழிகளை வெளியே விடாமல் அடைத்து வையுங்கள்.
- அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வைரஸைக் கொல்லாது. கடையில் கேட்டு வாங்கி ஊற்றினால் பணமும் நாளும்தான் வீணாகும்.