இருக்கையைத் தைப்பதா, மாற்றுவதா?



பழுதான கார் இருக்கையைச் சரிசெய்து வைத்துக்கொள்வதா, புதிதாக மாற்றிவிடுவதா? இந்தக் கேள்வியை வாராந்தரச் சிந்தனையில் எழுதவேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் களமருதூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இன்று பல குடும்பங்கள் பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டுகின்றன. அந்தக் கார் ஆலயத்திற்கும் கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கும் போகிறது. உளுந்தூர்பேட்டையைத் தொட்டுச் செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் ஓடுகிறது. சிலவேளை வெள்ளிமலைக்குக் கல்வராயன் மலைப்பாதையிலும் ஏறுகிறது. அதில் அமர்கிறவர்கள் நம் பெற்றோரும் பிள்ளைகளும். ஆகவே இது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல, பொறுப்பைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வசதிக்காக இருப்பது பழுதானால் தைத்துக்கொள்ளுங்கள். உயிரைத் தாங்குவது பழுதானால் மாற்றிவிடுங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மேலுறை சற்றுக் கிழிந்தால் விருந்தினர் என்ன நினைப்பார்களோ என்று வெட்கப்பட்டு உடனே புதியது போடுகிறோம். சாய்வுப்பகுதி ஆடினால், "ஓடுகிறவரை ஓடட்டும்" என்று ஒரு கம்பியால் கட்டிவிடுகிறோம்.

இருக்கை என்பது ஒரே பொருள் அல்ல. மேலே ரெக்சின், துணி அல்லது தோல் உறை. அதற்குக் கீழே ஃபோம். அதற்கும் உள்ளே இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்தைக் காரின் தரையோடு இணைக்கும் தடங்களும் போல்ட்டுகளும் அடியில் உள்ளன. முதல் இரண்டும் சுகத்திற்கானவை. மற்றவை நம்மைத் தாங்குபவை. பழுது எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

உறை கிழிந்திருந்தாலும் தையல் பிரிந்திருந்தாலும் ஃபோம் அமுங்கிப் பள்ளமாகியிருந்தாலும் குஷன் வேலை செய்கிறவரிடம் கொடுங்கள். கிழிந்த பகுதியை மட்டும் எடுத்து, அதே நிறத்தில் துண்டு வைத்துத் தைக்க அவருக்குத் தெரியும். ஃபோமை அளவாக வெட்டி அடைக்கவும் தெரியும். முழு இருக்கையை வாங்குவதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு. அந்தப் பணம் நம் பக்கத்து ஊரில் ஊசியும் கத்தரிக்கோலுமாக உழைக்கும் ஒரு குடும்பத்திற்குப் போய்ச் சேர்கிறது. திரளான ஜனங்கள் அப்பம் புசித்துத் திருப்தியான பிறகும், மீதியான துணிக்கைகள் வீணாகாதபடி 12 கூடைகளில் சேர்க்கப்பட்டதை நாம் அறிவோம். சரிசெய்யக்கூடியதைத் தூக்கி எறியாதிருப்பது கஞ்சத்தனம் அல்ல, நன்றியுணர்வு.

ஆனால் சட்டம் வளைந்திருந்தால் காரியம் வேறு. சாய்வுப்பகுதி பூட்டிய நிலையில் நிற்காமல் நழுவினாலும், இருக்கை தடத்தில் இறுகாமல் முன்னும் பின்னும் அசைந்தாலும், அடியில் துரு அரித்திருந்தாலும், பற்றவைத்த இடத்தில் விரிசல் கண்டாலும் அதேபோல்தான். பல கார்களில் முன் சீட் பெல்ட்டைப் பூட்டும் பக்கிள் இருக்கைச் சட்டத்திலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. சட்டம் பலவீனமானால் பெல்ட்டும் பலவீனமாகிறது. பின்னாலிருந்து ஒரு வாகனம் மோதும்போது நம் முதுகையும் கழுத்தையும் பிடித்து நிறுத்துவது சாய்வுப்பகுதியும் தலைத்தாங்கியும்தான். விபத்தில் வளைந்த இரும்பைச் சுத்தியலால் நிமிர்த்திப் பற்றவைத்தால் பார்வைக்கு நேராகிவிடும். அது பழைய பலத்தோடு தாங்குமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அடுத்த மோதல்தான் அதைச் சோதிக்கும். அந்தச் சோதனைக்கு நம் வீட்டாரை உட்படுத்தக் கூடாது.

தையல் வேலையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. இப்போது வரும் பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக், முன்னிருக்கைச் சாய்வின் வெளிப்புற ஓரத்தில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் ஏர்பேக் என்ற அடையாளம் இருக்கும். அதன்மேல் தடித்த உறையை இறுக்கித் தைத்துவிட்டால், தேவைப்படும் நொடியில் அது விரிய வழியில்லாமல் போகலாம். அப்படிப்பட்ட இருக்கைக்கு ஏர்பேக் விரிய இடம்விட்டுத் தயாரித்த உறையையே போடவேண்டும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால், அது ஏர்பேக் அமைப்பைச் சேர்ந்தது. அதைப் பயிற்சி பெற்ற மெக்கானிக் மட்டுமே கழற்றட்டும்.

"போதகரே, மாற்றப் பணம் வேண்டுமே" என்று நீங்கள் கேட்பது நியாயமே. விபத்தில் இருக்கை சேதமடைந்திருந்தால் முதலில் உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவர்களுக்குச் சொந்த வண்டியின் சேதத்திற்குப் பணம் கிடைக்காது. முழுக் காப்பீடு எடுத்தவர்கள் கேட்கலாம். தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்களில் 50 விழுக்காடு கழிப்பார்கள். இரும்புப் பாகங்களில் வண்டியின் வயதுக்கேற்பக் கழிப்பார்கள். நாள்பட்ட தேய்மானத்தால் கிழிந்த உறைக்குக் காப்பீடு வராது. காப்பீடு உதவாதபோது, சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றி விற்கப்படும் பழைய இருக்கை இன்னொரு வழி. ஆனால் அது உங்கள் காரின் அதே மாடலுக்கு உரியதாக இருக்கவேண்டும். தடம், பூட்டு, பற்றவைப்பு எல்லாவற்றையும் மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்த்தபின் வாங்குங்கள். ஏர்பேக் உள்ள இருக்கையைப் பழையதாக வாங்காதிருப்பதே நல்லது.

குழந்தைகளுக்கான தனி இருக்கையைக் குறித்து இன்னும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் ஏறக்குறைய 140 கிலோ பாரம்போல் முன்னே பாயும். எந்தத் தாயின் கரமும் அதைப் பிடித்து நிறுத்தாது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதத்திற்குப் பயந்து அல்ல, பிள்ளையின்மேல் உள்ள அன்பினால் இதைச் செய்வோம்.

இந்த இருக்கைகளின் துணியுறையைத் துவைக்கலாம், அதே நிறுவனத்தின் மாற்றுறையும் போடலாம். ஆனால் ஓட்டில் விரிசல் விட்டாலோ, வார் நைந்துபோனாலோ, பூட்டு பிடிக்காவிட்டாலோ ஒட்டியும் தைத்தும் பயன்படுத்தக் கூடாது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், நடுத்தரமான அல்லது கடுமையான விபத்தைச் சந்தித்த குழந்தை இருக்கையை மாற்றிவிடச் சொல்கிறது. விபத்து சிறியது என்று கொள்ள அது ஐந்து நிபந்தனைகள் வைக்கிறது. காரை அங்கிருந்து ஓட்டிச்செல்ல முடியவேண்டும். இருக்கைக்கு அருகிலுள்ள கதவு சேதமடைந்திருக்கக் கூடாது. பயணிகள் யாருக்கும் காயம் கூடாது. ஏர்பேக் விரிந்திருக்கக் கூடாது. இருக்கையில் கண்ணுக்குத் தெரியும் சேதம் கூடாது. ஐந்தில் ஒன்று தவறினாலும் அது சிறிய விபத்து அல்ல.

இதில் நம் சபையார் சிந்திக்கவேண்டிய ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த குழந்தை இருக்கை ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் அடுத்த வீட்டிற்குப் போகிறது. நல்ல பழக்கந்தான். ஆனால் கொடுக்கும்போது அதன் கதையையும் சேர்த்துக் கொடுங்கள். விபத்தைச் சந்தித்ததா, எந்த ஆண்டு செய்யப்பட்டது, அதில் அச்சிட்ட காலாவதி ஆண்டு கடந்துவிட்டதா என்பதைச் சொல்லிவிடுங்கள். நம் பிள்ளையை உட்காரவைக்கத் தயங்கும் இருக்கையை ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தானமாகக் கொடுப்பது தானம் ஆகாது. அப்படிப்பட்டதை வார்களை வெட்டி, இனி ஒருவரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி அப்புறப்படுத்துவதே அன்பு.

புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஒருவன் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வராதபடிக்கு அந்தச் சுவர். மாடியில் ஏறுகிறவன் தானே கவனமாக இருக்கட்டும் என்று நியாயப்பிரமாணம் விட்டுவிடவில்லை. வீட்டுக்காரனிடம் கணக்குக் கேட்கிறது. நம் காரின் இருக்கைச் சட்டமும் பெல்ட்டும் பூட்டும் இன்றைய கைப்பிடிச்சுவர். ஜெபித்துவிட்டுப் புறப்படுகிறோம், நல்லது. ஜெபம் சுவர் கட்டும் வேலையிலிருந்து நமக்கு விடுப்புத் தருவதில்லை.

இந்த வாரம் வண்டியை எடுக்குமுன் இருக்கைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். சாய்வைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து நைந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உறை கிழிந்திருந்தால் அடுத்த மாதம் தைத்துக்கொள்ளலாம். சட்டம் ஆடினால், அது சரியாகும்வரை அந்த இருக்கையில் ஒருவரையும் உட்காரவிடாதீர்கள்.