ஆலிவ் பிண்ணாக்கு எண்ணெய்

சென்ற வாரம் பக்கத்து வீட்டு மருமகள் கைக்குழந்தையோடு வந்தாள். எங்கள் கள்ளிக்குப்பத்துக்குக் கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மூன்று மாதக் குழந்தைக்குக் கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து சொரசொரவென்று கிடந்தன.

"தினம் ஆலிவ் ஆயில்தான் தேய்க்கிறேன் அக்கா. அம்பத்தூர்ல பெரிய கடையில வாங்கினது. விலையும் ஜாஸ்தி. அப்படியும் ஏன் இப்படி?"

பாட்டிலை எடுத்து வரச் சொன்னேன். முன்பக்கம் அழகான ஆலிவ் கிளை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'பொமேஸ்' என்று ஒரு வார்த்தை.

பொமேஸ் வேறொன்றுமில்லை சகோதரிகளே, பிண்ணாக்குதான்! அம்மா வீட்டில் மாட்டுக்குக் கடலைப் பிண்ணாக்கு ஊற வைத்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் மேலே எண்ணெய் மினுமினுக்கும். செக்கில் எவ்வளவு இறுக்கி ஆட்டினாலும் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு எண்ணெய் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். அழுத்தி எடுக்க முடியாததை ஆலைகளில் கரைத்து எடுக்கிறார்கள். ஹெக்சேன் என்று பெட்ரோலியத்திலிருந்து வரும் ஒரு திரவம்; பெட்ரோல் மாதிரியே குப்பென்று பற்றிக் கொள்ளும். அது பிண்ணாக்கில் உள்ள எண்ணெயைக் கரைத்துக் கொண்டு வெளியே வரும். சுமார் 69 டிகிரியில் ஆவியாகிவிடும் என்பதால், சூடாக்கினால் ஹெக்சேன் பிரிந்து எண்ணெய் நிற்கும். ஆவியைக் குளிரவைத்து மறுபடியும் உபயோகிப்பார்கள். சக்கையில் மிஞ்சுவது நூற்றுக்கு ஒரு பங்கு எண்ணெய்தான்.

உடனே முகம் சுளிக்க வேண்டாம். நாம் வாங்கும் தவிட்டு எண்ணெயும் பெரும்பாலும் இப்படி வருவதுதான். இவ்வாறு எடுத்ததைச் சுத்திகரித்த பிறகே சமையலுக்கு விற்கலாம். ஹெக்சேன் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி இருக்கிறது.

ஸ்பெயின், இத்தாலி நாடுகளில் ஆலிவ் பழச் சக்கையை, தோலும் கொட்டைத் தூளுமாக, காயவைத்து இதே முறையில்தான் எடுக்கிறார்கள். சுத்திகரித்தபின் நிறமும் மணமும் போய்விடுவதால் கொஞ்சம் நல்ல ஆலிவ் எண்ணெயைக் கலக்கிறார்கள். சர்வதேச ஆலிவ் கவுன்சிலின் விதிப்படி இதை வெறுமனே 'ஆலிவ் எண்ணெய்' என்று சொல்லக் கூடாது. 2001-ல் ஸ்பெயினில் இந்த எண்ணெயில் பென்சோபைரீன் என்ற நச்சுப் பொருள் இருந்ததாகக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். சக்கையை அதிகச் சூட்டில் காயவைப்பதில் வந்த வினை அது. பிறகு அதற்கு அளவு வரம்பு வைத்தார்கள்.

"அப்போ எக்ஸ்ட்ரா வர்ஜின் வாங்கிடட்டுமா அக்கா?" என்றாள். அங்கேதான் நான் நிறுத்தினேன். குழந்தை விஷயத்தில் ஒசத்தி ஆலிவும் உதவாது. இங்கிலாந்தில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களின் தோலில் சில வாரம் ஆலிவ் எண்ணெய் தடவிப் பார்த்தபோதே தோலின் காப்புப் படலம் பலவீனப்பட்டது. அதில் மிகுதியாக உள்ள ஓலிக் அமிலமே காரணமாகச் சொல்லப்படுகிறது. பிஞ்சுத் தோலுக்குக் கேட்கவா வேண்டும்! எண்ணெயை நிறுத்திவிட்டு முதலில் குழந்தைகள் டாக்டரிடம் காட்டு என்று அனுப்பி வைத்தேன். எக்ஸிமாவின் ஆரம்பம் என்று சொல்லி, வாசனையில்லாத களிம்பு ஒன்று எழுதிக் கொடுத்தாராம்.

முக்கால் பாட்டில் மீதி இருந்தது. நல்ல சூடு தாங்கும் எண்ணெய், பொரிக்க ஏற்றது, கொட்ட வேண்டாம் என்றேன். நேற்று அவள் மாமியார் அப்பளம் பொரித்துக் கொண்டிருந்தார். "இந்த விலை எண்ணெயில அப்பளம் பொரிக்கிற வீடு நம்ம தெருவிலேயே இதுதான்" என்று எனக்கும் இரண்டு கொடுத்தார்.