காரலின் வயிற்றில் ஒரு விளக்கு

கடலடியிலே மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பல்; அதனுள்ளே காரிருள்; அவ்விருளில் நீந்தும் குரங்குகளுக்கு முன்னின்று ஒளிவீசும் மீன் ஒன்று. 1995 இல் நின்டென்டோ நிறுவனத்தார் வெளியிட்ட 'டொங்கி கொங் கன்ட்ரி 2' என்னும் வீடியோ விளையாட்டில் இக்காட்சி வருகின்றது. மீனின் பெயர் கிளிமர். பழைய விளையாட்டாயினும் இன்றும் இதனை விரும்பி ஆடுவோர் உளர்.

'ஒளிவீசும் மீன் வெறுங் கற்பனையோ?' எனப் பிள்ளைகள் வினவினால் நாம் யாது கூறுவோம்? ஆழ்கடலில் வாழும் தூண்டில் மீனே கிளிமருக்கு மாதிரி என்போம். பெண்மீனின் தலையிலிருந்து தூண்டிற்கோல் போன்ற உறுப்பொன்று நீண்டிருக்கும். அதன் நுனி ஒளிரும். இரையென மயங்கி நெருங்கும் சிற்றுயிர்களை அம்மீன் விழுங்கிவிடும். வழிகாட்டும் குணத்தை அதற்கு அளித்தவர்கள் விளையாட்டை ஆக்கியோரே.

தூண்டில் மீனை நாம் எளிதிற் காண இயலாது. காரலைக் காண்பதற்கோ கல்கிசைக் கடற்கரையை விட்டுத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மீன் வாங்குவோர் இதனை நன்கறிவர். வெள்ளித் தகடு போன்ற மேனி, கையில் ஒட்டும் வழுவழுப்பு, குழல்போல் முன்னே நீளும் வாய். இச்சிறு மீனுக்குள்ளும் ஒரு விளக்கு எரிகின்றது என்பதைப் பலர் அறியார்.

காரலின் உணவுக்குழாயைச் சுற்றி வளையம் போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனுள் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒளி அவற்றினுடையதே. மீன் உணவும் ஒட்சிசனும் கொடுக்கின்றது. பற்றீரியா ஒளியை வாடகையாகச் செலுத்துகின்றது. காற்றுப்பையின் வெள்ளிப் பூச்சு கண்ணாடிபோல் நின்று அவ்வொளியை வயிற்றின் வழியே கீழ்நோக்கிப் பரப்புகின்றது.

எதற்காக? மேலே பகலொளி பரந்திருக்கையில், கீழிருந்து நோக்கும் பகைமீனுக்குக் காரல் கரிய நிழலாகத் தோன்றும். வயிற்றொளி அந்நிழலை அழித்துவிடுகின்றது. பிறர் ஒளிவதற்கு இருளை நாடக் காரல் ஒளியையே நாடுகின்றது! அமெரிக்க விஞ்ஞானி ஹேஸ்ரிங்ஸ் இக்கருத்தை 1971 இல் எடுத்துரைத்தார்.

இவ்விளக்கு பெற்றோர் வைத்துச் செல்லும் முதுசமன்று. ஒவ்வொரு குஞ்சும் தான் நீந்தும் கடல்நீரிலிருந்தே பற்றீரியாவைப் புதிதாகப் பெறவேண்டும். ஆகவே கடலின் நலமே காரலின் நலமாகும். 2021 மே மாதத்திற் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது, பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. பாணந்துறை முதல் நீர்கொழும்பு வரை மீன்பிடி தடைசெய்யப்பட்டது. கல்கிசைக் கடலும் அவ்வெல்லையுள் அடங்கியதே. விளையாட்டில் தோற்றவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். கடலுக்கு அவ்வசதி இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விளையாட்டைத் தடுக்குமாறு நாம் கூறவில்லை. அடுத்த முறை காரல் வீட்டுக்கு வரும்போது பிள்ளைகளை அருகழைத்து, அதன் வெள்ளி வயிற்றைக் காட்டி, இவ்விளக்கின் கதையைச் சொல்லுங்கள். சொல்லாதுவிடின், கிளிமரை அறிந்த பிள்ளை தன் சோற்றுக்கோப்பையிலுள்ள காரலை அறியாமலே வளர்ந்துவிடும்.