இனாம் அல்ல, ஊதியம்: சிம்மக்கல் உணவுத் தெருக்களின் கணக்கு

மணிக்கு 2 ரூபாய் 60 காசு. நம் வாசலுக்கு உணவு கொண்டுவரும் தொழிலாளிக்கு வாடிக்கையாளர்களின் தாராள மனம் அளிக்கும் 'டிப்ஸ்' சராசரியாக இவ்வளவுதான். இதைச் சொன்னது தொழிற்சங்கம் அல்ல. 2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாள்களில் டெலிவரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்ததை அடுத்து, 2026 ஜனவரி தொடக்கத்தில் சொமேட்டோவின் நிறுவனர் தீபிந்தர் கோயல் தன் நிறுவனத்தின் தரப்பு நியாயமாக வெளியிட்ட எண் இது. டிப்ஸ் நீங்கலாக மணிக்கு 102 ரூபாய் சராசரி வருவாய் என்றும், ஏறத்தாழ 5 விழுக்காடு ஆர்டர்களுக்கே டிப்ஸ் கிடைக்கிறது என்றும் அவர் கூறினார்.

இந்த எண்களை அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்கிடுவோம். நாளுக்கு 10 மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் உழைத்தால் 26,520 ரூபாய். பெட்ரோல், வண்டிப் பராமரிப்புக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று நிறுவனமே ஒப்புக்கொள்கிறது. மிஞ்சுவது ஏறத்தாழ 21,000. அதே 260 மணி நேரத்துக்குக் கிடைக்கும் டிப்ஸ் 676 ரூபாய். வாரவிடுப்புக்கு ஊதியம் இல்லை. வருங்கால வைப்பு நிதி இல்லை. நாளைக்கும் இதே தொகை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இந்த இடைவெளியை வாடிக்கையாளரின் பெருந்தன்மை நிரப்பிவிடும் என்ற நம்பிக்கையைத்தான் செயலிகள் நம் திரையில் பத்து, இருபது, முப்பது என்று கட்டம் போட்டு விற்கின்றன.

'டிப்ஸ் கொடுப்பது நாகரிகமா, கொடுக்காமல் இருப்பது தவறா' என்ற விவாதம் அவ்வப்போது எழுகிறது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஊதியமாகத் தர வேண்டியதை இனாமாக மாற்றியது யார்? அதனால் ஆதாயம் அடைபவர் யார்?

இலை எடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது?

வைகையின் தென்கரையில், மீனாட்சியம்மன் கோயிலுக்கு வடக்கே உள்ள சிம்மக்கல், மதுரையின் உணவு வரைபடத்தில் தவிர்க்க முடியாத இடம். கறி தோசைக்கும் பரோட்டாவுக்கும் பெயர்பெற்ற இப்பகுதியில் நள்ளிரவிலும் அடுப்பு அணைவதில்லை. கடை வாசலில் பார்சலுக்குக் காத்து நிற்கும் டெலிவரித் தொழிலாளர்களும், உள்ளே வியர்வையில் நனையும் தொழிலாளர்களும் ஒரே உணவுச் சங்கிலியின் இரு முனைகள்.

ஓர் உணவகத்துக்குள் வேலை எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கல்லாவில் முதலாளி அல்லது அவருடைய உறவினர். கல்லுக்கு முன்னால் மாஸ்டர். மேசைக்கு மேசை நடப்பவர் சப்ளையர். எச்சில் இலை எடுத்து மேசை துடைப்பவர் கிளீனர். பின்கட்டில், நம் கண்ணுக்கே படாமல், பாத்திரம் கழுவுபவர், பெரும்பாலும் பெண். பில் தட்டில் நாம் வைக்கும் பத்து ரூபாய் சப்ளையரோடு நின்றுவிடுகிறது. எச்சிலைத் தொடுபவருக்கும் பாத்திரம் துலக்குபவருக்கும் அது போய்ச் சேருவது கடையின் மனநிலையைப் பொறுத்தது. தூய்மை, தீட்டு என்ற சாதியக் கருத்தியல் எந்த வேலையை இழிவானது என்று ஒதுக்கிவைத்ததோ, அதே வேலைக்குத்தான் கூலியும் குறைவு, இனாமும் இல்லை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, தொழிலாளர்களையே அடுக்கடுக்காகப் பிரிப்பது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் சுட்டியதை இந்த அடுக்கில் காணலாம்.

தமிழ்நாட்டில் உணவகம் ஒருபோதும் சாதியற்ற இடமாக இருந்ததில்லை. 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகையை அகற்றக் கோரி 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளைக்கு எதிராக மதுரை மாவட்டக் கிராமங்களில் நடந்த போராட்டங்களை நம் வாசகர்கள் அறிவார்கள். சாதிப் பட்டங்களைத் தாங்கிய உணவகப் பெயர்கள் இன்றும் இந்நகரில் யாருக்கும் உறுத்துவதில்லை.

களத்துமேட்டு நெல்லும் செயலியின் இருபது ரூபாயும்

ஊருக்குப் பறையடித்து, பிணம் எரித்து, நீர் பாய்ச்சி உழைத்த நம் முன்னோருக்குப் பணமாகக் கூலி இல்லை. அறுவடை முடிந்த களத்துமேட்டில் நெல் அளந்து போடப்பட்டது. அந்தப் பங்குக்கு 'சுதந்திரம்' என்று பெயர் இருந்தது, வரலாற்றின் கொடிய நகைச்சுவை. அளவைத் தீர்மானித்தவர் நிலவுடைமையாளர். பணிந்து நின்றவருக்கு ஒரு மரக்கால் கூடும். நிமிர்ந்து பேசியவருக்குக் குறையும்.

மகாராட்டிரத்தில் மகர் மக்கள் மீது சுமத்தப்பட்டிருந்த வதன் முறையும் இத்தகையதே. இரவு பகலாகப் பணி செய்துவிட்டு வீடு வீடாகச் சென்று தானியம் கேட்டு நிற்க வேண்டும். உழைப்புக்கான ஊதியத்தைப் பிச்சையின் வடிவத்தில் தரும் இம்முறை மக்களின் தன்மானத்தை அழிக்கிறது என்று கண்ட அம்பேத்கர், 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அதற்கு எதிராக மசோதா கொண்டுவந்தார். அவரே வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1946இல் குறைந்தபட்ச ஊதிய மசோதாவை அறிமுகப்படுத்தினார். அதுவே 1948இல் சட்டமாயிற்று. இவ்விரு மசோதாக்களுக்கும் நடுவே ஓடும் கொள்கை ஒன்றுதான்: உழைப்பவரின் வருவாய் கொடுப்பவரின் மனத்தைச் சார்ந்திருக்கக் கூடாது.

உலக வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தபின், புல்மன் நிறுவனம் விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களைத் தொடர்வண்டிப் பணியாளர்களாக அமர்த்தி, சொற்ப ஊதியம் தந்து, மீதியைப் பயணிகளின் டிப்ஸில் பெற்றுக்கொள்ளச் சொன்னது. 1925இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள்; 1937இல் ஒப்பந்தம் பெற்றார்கள். எனினும் அம்முறையின் எச்சம் சாகவில்லை. டிப்ஸ் பெறும் தொழிலாளருக்கு அமெரிக்க ஒன்றிய அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே நிற்கிறது.

சட்டத்தில் உள்ள ஓட்டை

டிப்ஸ் என்பது வாடிக்கையாளர் விரும்பித் தருவது; முதலாளி தரும் சம்பளம் அல்ல என்று ஐடிசி வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வருமானவரி பற்றிய வழக்கு என்றாலும், நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. ஊதியம் அல்லாத தொகைக்கு வைப்பு நிதி இல்லை, பணிக்கொடை இல்லை, உரிமை கோர இடமும் இல்லை.

உணவக வேலை குறைந்தபட்ச ஊதிய வரம்புக்குள் வருவதுதான். ஆனால் 'தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு' என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பதும், ஊதியச் சீட்டே தராமல் இருப்பதும் வழக்கமாக உள்ளன. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசிய விளையாட்டுப் பணியாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. டெலிவரித் தொழிலாளிக்கோ இந்தப் பாதுகாப்பின் வாசலே அடைபட்டிருக்கிறது. அவரைத் 'தொழிலாளி' என்று அழைக்காமல் 'பார்ட்னர்' என்று அழைப்பதன் பொருள் இதுதான். குறைந்தபட்ச ஊதியமே நிர்ணயிக்கப்படாதவருக்கு அது மறுக்கப்பட்டது என்று எப்படி வழக்குத் தொடுப்பது?

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டை நல நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. அது நலத்திட்டம், ஊதிய உரிமை அல்ல. தமிழ்நாடு அரசு 2023இல் கிக் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தது. 2025 நிதிநிலை அறிக்கையில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. வரவேற்போம். ஆனால் வாரியத்தின் அடையாள அட்டை மணிக்கூலியை உயர்த்திவிடாது. பிரிட்டனில் ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, குறைந்தபட்ச ஊதிய உரிமையை உறுதிசெய்தது. அந்த இடத்துக்கு நாம் இன்னும் வரவில்லை.

'தம்பிக்கு எந்த ஊரு?'

2022 ஜூனில் லக்னோவில், தலித் என்பதால் தன் கையிலிருந்து உணவை வாங்க மறுத்துத் தாக்கினார்கள் என்று சொமேட்டோ தொழிலாளி ஒருவர் புகார் அளித்தார்; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2024 மார்ச்சில் அதே நிறுவனம் சைவ உணவுக்கென்று பச்சைச் சீருடையில் தனி அணியை அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே தனிச் சீருடையைக் கைவிட்டது. தீட்டுக்குச் சந்தையில் விலை உண்டு என்பதை அந்த அறிவிப்பு காட்டியது.

நம் ஊரில் சாதியை நேராகக் கேட்பதில்லை. 'தம்பிக்கு எந்த ஊரு, ஊருல எந்தத் தெரு?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஒருவர் நட்சத்திர மதிப்பீட்டையும் டிப்ஸையும் பெற வேண்டும் என்றால், அவருடைய வருவாயின் ஒரு பகுதியைச் சாதி தீர்மானிக்க நாமே வழிவிடுகிறோம். சட்டப்படியான ஊதியத்துக்கு இந்தக் கேள்வி இல்லை. ஆகவேதான் ஊதிய உரிமை சாதி ஒழிப்பின் கோரிக்கையும் ஆகிறது.

நாம் செய்ய வேண்டியவை

அப்படியானால் டிப்ஸ் தரக் கூடாதா? தாருங்கள். இன்றைய பசிக்கு நாளைய சட்டம் சோறு போடாது. இயன்றால் பணமாகக் கையில் தாருங்கள். உணவகத்தில் இலை எடுப்பவரையும் பாத்திரம் கழுவுபவரையும் தேடித் தாருங்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள். 'வாங்க, போங்க' என்று பேசுங்கள். அதைக் கொடை என்று நினைத்து நன்றியை எதிர்பார்க்காதீர்கள்.

அதோடு நின்றுவிடவும் கூடாது. டெலிவரித் தொழிலாளருக்கு, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கணக்கில் குறைந்தபட்ச ஊதியம் வேண்டும். உணவகங்களில் ஊதியச் சீட்டும், டிப்ஸ் அனைத்தும் தொழிலாளருக்கே என்ற சட்டமும் வேண்டும். பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் அத்தகைய சட்டம் நடைமுறையில் உள்ளது. நலவாரியம் தன் பதிவேட்டைச் சமூகப் பிரிவுவாரியாக வெளியிட வேண்டும். சென்னை மாநகராட்சி 2025இல் திறந்தது போன்ற ஓய்வறைகள் சிம்மக்கல், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி என்று தொழிலாளர்கள் கூடும் இடங்களில் வேண்டும். கல்லூரிப் படிப்பின் இடையே இவ்வேலைக்குச் செல்லும் மாணவர்கள் சங்கத்தில் சேர வேண்டும். மாணவர் அமைப்புகள் அச்சங்கங்களோடு நிற்க வேண்டும்.

சங்கத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு அண்மைய விடை இருக்கிறது. டிசம்பர் வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று, பத்து நிமிட டெலிவரியை நிறுத்துவது. சில வாரங்களுக்குள் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தலையிட, பிளிங்கிட் தன் பத்து நிமிட விளம்பரத்தைக் கைவிட்டது. எத்தனை ஆண்டு டிப்ஸ் கொடுத்தாலும் அது நடந்திருக்காது. அந்த வேலைநிறுத்தம் தொடங்கிய டிசம்பர் 25, கூலி உயர்வு கேட்டதற்காக 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட நாள். அவர்கள் கேட்டது கூடுதல் நெல்லை, உரிமையாக. இனாமாக அல்ல.